எங்கள் எல்லோருக்கும் கண் நார்மல்

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் கண்ணைப் பற்றி நீங்கள் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். நான் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் திருவனந்தபுரத்தில், வலியசாலையில்தான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கரமனைப் பாலம் தாண்டி ஒரு குடைக் கம்பெனி இருக்கிறது. குடைத் துணியின் எட்டு மடலையும் மெஷின்காரிகள் சேர்த்துத் தைத்து அனுப்புவார்கள். அதைக் கம்பிக் கூட்டில் போர்த்தி, ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஊசியால் தைத்துக் கட்டுவது எங்கள் ஹாலின் வேலை. நுனித் தையல் சரியாக விழவில்லை என்றால் முதல் காற்றிலேயே துணி கம்பியை விட்டு எழும்பிவிடும், குடை பிடித்த மனுஷன் நடுரோட்டில் நனைந்துகொண்டு கம்பெனியைத் திட்டுவான். இந்த ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குடை என்றால் சுகம். ரோஸ், மஞ்சள், நாய்க்குட்டிப் படம், பூனைக்குட்டிப் படம். நூல் எங்கே போகிறது என்று தானாகவே தெரியும். பெரியவர்களுக்கான கறுப்புக் குடைதான் எங்களுக்கு எமன். துணியும் கறுப்பு, நூலும் கறுப்பு, கம்பியின் நுனியில் மாட்டுகிற குப்பியும் கறுப்பு. நாற்பது தாண்டிய அன்றைக்கு யாரோ கூப்பிட்டு அனுப்பினது மாதிரி எனக்கு வெள்ளெழுத்து வந்து சேர்ந்தது. தூரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியும். தெருக்கோடியில் வருகிற பால்காரன் மீசை தெரியும், கையில் இருக்கிற ஊசியின் காது தெரியாது. ஊசியைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கை நீளம் போதாமல், கடைசியில் குத்துமதிப்பாக நூலை நீட்டி, உள்ளே போய்விட்டது என்று நினைத்து இழுத்தால் நூல் தனியாக வரும். அந்த நேரத்தில் எனக்கு வருகிற கோபத்துக்கு ஊசியைக் கண்டுபிடித்தவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அவ்வளவுதான்.

இந்தத் தொல்லைக்கு எங்கள் ஹாலிலேயே ஒரு ஏற்பாடு இருந்தது. கறுப்பும் கலரும் கலந்துதான் கட்டுக் கட்டாக வரும். கண் போன பெரியவர்கள் தங்கள் பங்குக் கறுப்பைச் சின்னப் பெண்களிடம் தள்ளிவிட்டு அவர்களுடைய கலர்க் குடைகளை வாங்கிக்கொள்வோம். அதற்குக் கூலி மத்தியானச் சாப்பாடு. அப்படியும் மீந்த கறுப்பை நாங்களே குத்துமதிப்பாகத் தைத்துத் தள்ளுவோம். என் புளியோதரைக்கு நல்ல கிராக்கி. என் பக்கத்து நாற்காலிக்காரி வித்துராவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் கொண்டுவருகிற மரச்சீனிக் கிழங்குக்கும் மீன் கறிக்கும் அதைவிடக் கிராக்கி. காலையில் அண்டா மாதிரி ஒரு டப்பாவில் நான் சோறு அடைப்பதைப் பார்த்து, கம்பெனியில் தினமும் யாருக்குக் கல்யாணம் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நாலு பேருக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு நான் மட்டும் மோர் சாதத்தோடு மத்தியானத்தைக் கழித்த நாள் எவ்வளவோ.

இந்த ஏற்பாட்டில் சேராத ஒரே ஆள் பாறசாலை அக்கா. பாறசாலையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறவள், எங்கள் ஹாலிலேயே கைதேர்ந்த தையல்காரி. ஹாலில் ஒரே ஒரு ஜன்னல்தான் வெளிச்சத்துக்கு உதவும். அந்த ஜன்னலோர நாற்காலி அவளுடையது. என் வேலையை இன்னொருத்தி செய்வாளாம், நான் அவளுக்குச் சோறு போடுவேனாம், இது என்ன வெட்கக்கேடு என்று அவள் நேராக மேனேஜரிடம் போனாள். கறுப்பு தெரியவில்லை சார், எனக்குக் கலர் மட்டும் கொடுங்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். மேனேஜர் நல்லவர். அதுதான் பிரச்சினையே. ஐயோ பாவம் சேச்சி, கண்ணுக்கு ரெஸ்ட் கொடுங்கள் என்று பாக்கிங் ரூமுக்கு மாற்றிவிட்டார்.

பாக்கிங் ரூம் என்றால் தகரக் கூரை. நாள் முழுக்க நின்றுகொண்டு குடையைக் கவருக்குள் நுழைக்க வேண்டும். வேலை சீசனுக்கு மட்டும். பள்ளிக்கூடம் திறந்து, மழையும் பிடித்து, கடைக்காரர்கள் வாங்கி முடித்ததும், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிடுவார்கள். கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. அக்காவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு மரியாதையாக ஒரு கறுப்புக் குடை கையில் கொடுத்தார்கள். அவளுடைய ஜன்னலோர நாற்காலி எனக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் நானும் அடுத்த மாசம் பாக்கிங் ரூம்தான். சாலைக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மொத்தக் கடையை இழுத்து மூடிய பிறகு, எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த நாற்காலியால்தான்.

அக்கா போன நாளிலிருந்து எங்கள் ஹாலில் ஓர் அற்புதம் நடந்தது. நாற்பது தாண்டிய ஒருத்திக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லாமல் போய்விட்டது. கேட்டால் கழுகு தோற்றுவிடும். இருட்டிலேயே ஊசி கோர்ப்பேன் என்று வித்துராக்காரி சொல்லிக்கொண்டு திரிந்தாள், வெளிச்சத்தில் கோர்க்க முடியாதவள்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளியின் மருமகன். வெளியூரில் மேனேஜ்மென்ட் படித்தவர், எங்களைவிட வயதில் கொஞ்சம்தான் பெரியவர். புரொடக்டிவிட்டி என்கிற வார்த்தையை வாயில் கல்கண்டு போட்டுக்கொண்டது மாதிரிச் சொல்வார். எங்கள் கை ஏன் ஓடவில்லை, கடைகளிலிருந்து குடை ஏன் திரும்பி வருகிறது என்று அவருக்குப் பெரிய கவலை. டீ நேரத்தைக் குறைத்தார். பேசிக்கொண்டே தைப்பதுதான் காரணம் என்று ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார். நாங்கள் கூடவே பாட ஆரம்பித்ததும் ஸ்பீக்கரைக் கழற்றினார். அப்புறம் மூச்சுப் பயிற்சி. காலையில் வந்ததும் வரிசையாக நின்று மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும். நாங்களும் இழுத்தோம், விட்டோம். திரும்பி வருகிற குடை திரும்பி வந்துகொண்டேதான் இருந்தது. இத்தனை யோசித்த மனுஷனுக்கு, இவர்களுக்குத் துணி கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டோம், அது வேறு விஷயம்.

இப்படி இருக்கும்போது ஒரு தர்ம ஸ்தாபனத்துக்காரர்கள் கம்பெனிக்கு வந்தார்கள். வேலைக்காரர்களுக்குக் கண் பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுப்பார்களாம். கண்ணாடி போட்டால் வேலை கூடுதலாக நடக்கும் என்று அவர்கள் மேனேஜரிடம் விளக்கினார்களாம். அவருக்கு அதில் இலவசம் என்பது நன்றாகப் புரிந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் கண் டெஸ்ட், ரிசல்ட் ஆபீஸுக்கு வரும் என்று அறிவித்தார்.

ரிசல்ட் ஆபீஸுக்கு வரும். போதுமே. கண்ணாடி என்கிற சொல் எங்கள் காதில் விழவே இல்லை. யார் யாரைப் பாக்கிங் ரூமுக்குத் தள்ளலாம் என்று பார்க்கத்தான் ஆள் கூட்டி வருகிறார்கள் என்று ஹால் முழுக்க ஒரே பேச்சு. நான் முதல் ஆளாக அதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பத்து பேரை நம்பவும் வைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலமே அவர்கள் வந்து ஆபீஸ் ரூமில் சாமான்களை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ரூமைப் பெருக்குகிறவளும் எங்கள் கட்சிதான், அவளுக்கும் வெள்ளெழுத்து. மேஜை மேல் இருந்த வாசிப்புக் கார்டைப் போனில் படம் பிடித்து எங்கள் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டாள். மலையாளத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி வரிக்கு வரி பொடியாகிக்கொண்டே போகிற கார்டு. ஒரு குளம், கரையில் தென்னை, தண்ணீரில் மீன், இப்படி ஒரு கதை. போனில் படத்தை இரண்டு விரலால் இழுத்தால் எழுத்து பெரிசாகிறது, என்ன சௌகரியம். வீட்டில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று அந்தக் குளத்தையும் மீனையும் நான் உருப்போட்டதைப் பார்த்து, கம்பெனியில் நாடகம் போடுகிறார்களா என்று வீட்டுக்காரர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் நான் இன்றைக்கு அந்த மேனேஜருக்கே மேனேஜராகியிருப்பேன்.

வித்துராக்காரி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் மட்டும் படித்தவள். மலையாளம் அருவியாகப் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவளுக்காக நான் போனில் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினேன். அதை அவள் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பரிசோதிக்க வந்தது சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். தூரத்துச் சுவரில் மாட்டிய எண்களையெல்லாம் நாங்கள் உண்மையாகவே வாசித்துத் தள்ளினோம், அதில் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாதே. அப்புறம் கார்டைக் கையில் கொடுத்தாள். என் கண்ணுக்கு அதில் முதல் இரண்டு வரி தெரிந்தது, அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. நான் குளம், தென்னை, மீன் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். என் பின்னால் வந்தவளும் அதே வேகம். அவளுக்குப் பின்னால் வந்தவள், நான் மூச்சு வாங்கின இடத்திலேயே மூச்சு வாங்கினாள். வித்துராக்காரிதான் கெடுத்தாள். மீன் துள்ளியது என்று கதை முடிகிறது. கார்டின் அடியில், ஈரக் கையால் தொடக்கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. போனில் அதையும் சேர்த்து நான் வாசித்துத் தொலைத்திருக்கிறேன். மீன் துள்ளியது, ஈரக் கையால் தொடக்கூடாது என்று அவள் பக்தியோடு சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்.

"சேச்சி, இது பாஸாக வேண்டிய பரீட்சை இல்லை. தெரியலைன்னு சொன்னாத்தான் நான் கண்ணாடி தர முடியும்."

"எங்களுக்கு இது பாஸாக வேண்டிய பரீட்சைதான் மோளே, நீ நார்மல்னே எழுது," என்றேன்.

அவள் அப்படியே எழுதினாள். அந்த வகையில் எங்கள் ஹாலில் எல்லோருக்கும் கண் நார்மல். கடைசியில் மரியாதைக்காக மேனேஜரையும் உட்கார வைத்தார்கள். அவர் கார்டை வாங்கினார், தள்ளிப் பிடித்தார், இன்னும் தள்ளிப் பிடித்தார், எனக்கு இரண்டு வரிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லையே என்று குழந்தை மாதிரிச் சொன்னார். அவருக்கு என்ன பயம், அவரை யார் பாக்கிங் ரூமுக்கு மாற்றுவது? கம்பெனியில் இலவசக் கண்ணாடி கிடைத்த ஒரே தொழிலாளி எங்கள் மேனேஜர்தான். கண் குறை இல்லாத தொழிற்சாலை என்று ஸ்தாபனத்துக்காரர்கள் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு ஹால் வாசலில் மாட்டினார். எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்கு நாங்கள் ஆளுக்கொரு பழம்பொரி வாங்கித் தின்றோம்.

பழம்பொரி ஜீரணமாவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. கண்ணாடி போட்ட மேனேஜருக்கு இப்போது கண் தெரிகிறதே! அதுவரை அவரும் குடையை விரித்து, ஒரு குலுக்கு குலுக்கி, பேஷ் என்று வைத்துவிடுகிற ஆள்தான். இப்போது கறுப்புக் குடையைக் கையில் எடுத்து ஒவ்வொரு நுனியாகப் பார்த்தார். துணியில் விழாமல் ஓரத்தில் தொங்குகிற தையல், முடிச்சு விழாத நூல், இரண்டு தரம் சுற்ற வேண்டிய இடத்தில் ஒரு தரம். பார்க்கப் பார்க்க அவர் முகம் கறுத்தது. வெள்ளிக்கிழமை எங்களை நிற்க வைத்துப் பேசினார். உங்கள் எல்லோருக்கும் கண் நூற்றுக்கு நூறு என்று டாக்டர்மார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அப்படியானால் குறை கண்ணில் இல்லை, மனசில் இருக்கிறது, இது வெறும் சோம்பேறித்தனம் என்றார். மோசமான தையல் மூன்று பேருடையது, திங்கட்கிழமை முதல் அந்த மூன்று பேரும் பாக்கிங் ரூம் என்றார். அதில் நான் ஒருத்தி, வித்துராக்காரி ஒருத்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் எரிந்து விழுவது? எங்களுக்குக் கண் நார்மல் என்று எழுத வைத்ததே நாங்கள்தான், எங்கள் கையாலேயே எங்களுக்குக் குழி. கண் தெரியவில்லை என்று சொன்ன அக்காவுக்கும் பாக்கிங் ரூம், தெரிகிறது என்று சொன்ன எங்களுக்கும் பாக்கிங் ரூம். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் இருக்கிற பழவங்காடிக்குப் போனேன். பிள்ளையாரிடம் முறையிடுவதற்காக அல்ல, பிள்ளையார் கண்ணாடி விற்பதில்லை. கோயில் சந்திப்பு தாண்டி நடைபாதையில் ஒருவர் குடையைத் தலைகீழாக விரித்துத் தொங்கவிட்டு, அதன் கம்பிகளில் வாசிக்கிற கண்ணாடிகளை மாட்டி விற்கிறார். அந்தச் சந்திப்பில்தான் பாறசாலை அக்கா தேங்காய் வியாபாரம் செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெபச் சபைக்குப் போவாள், மற்ற நாளெல்லாம் பிள்ளையாருக்குச் சிதறுகாய் விற்பாள். ரோட்டின் எதிர்ப் பக்கத்திலிருந்தே அவளைப் பார்த்துவிட்டேன், தூரத்துப் பார்வைதான் எனக்கு அருமையாயிற்றே. அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைகளைப் பார்க்கிற பாவனையில் எதிர்ப் பக்கமாகவே நடந்துவிட்டேன்.

கண்ணாடிக்காரர் டெஸ்ட் கிஸ்ட் ஒன்றும் செய்யவில்லை. சேச்சிக்கு என்ன வேலை என்று கேட்டார், தையல் என்றதும் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியையும் ஒரு துண்டு நூலையும் என் கையில் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிவிட்டார். மூன்றாவது கண்ணாடியில் ஊசியின் காது வாசற்கதவு மாதிரித் திறந்து நின்றது. நூல் பேசாமல் உள்ளே போனது. நான் என் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை ரேகை, நகக்கண்ணில் மஞ்சள், விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. இத்தனை வருஷம் இத்தனை குத்து குத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாது. நடைபாதையில் நின்று அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. ஒரு மத்தியானச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாத சாமான். இதற்காகவா ஊருக்கெல்லாம் புளியோதரை கிளறினேன்? ராத்திரி வீட்டில் பருப்பைப் புடைத்தால் அதில் கல்லும் வண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. இதையா இத்தனை நாள் எங்களுக்குப் போட்டாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் தாடையில் சவரம் செய்யாமல் விட்ட இடத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கறுப்புக் கட்டை இழுத்து மடியில் போட்டேன். கை தடங்கல் இல்லாமல் ஓடியது. மேனேஜர் மூன்று பேரையும் அழைத்துப் போக வரும்போது என் பக்கத்தில் தைத்து முடித்த கறுப்புக் குடைகள் அடுக்காக இருந்தன. ஒன்றை எடுத்தார், தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நுனி நுனியாகத் திருப்பினார். அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"சேச்சிக்குக் கண் நார்மல்னுதானே ரிப்போர்ட்டு?"

பொய் சார் என்றேன். கார்டைப் படம் பிடித்ததையும் உருப்போட்டதையும் மறைக்காமல் சொன்னேன். ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும், நிஜமாகவே ஒருத்தி கையிலிருந்து விழுந்தது. கண்ணாடி கொடுக்கத்தானே அவர்கள் வந்தார்கள், எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்டார். என் வாய் நிற்கவில்லை.

"போன வருஷம் பாறசாலை அக்கா வந்து கண்ணு தெரியலைன்னு உங்ககிட்ட உண்மையைச் சொன்னாங்களே சார். அவங்களுக்கு நீங்க என்ன கொடுத்தீங்க?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, கையிலிருந்த குடைத் துணியாலேயே துடைத்தார். எனக்குப் பின்னாலிருந்து வித்துராக்காரிதான் மெதுவாகச் சொன்னாள், "குடை."

அன்றைக்கு அவர் யாரையும் எங்கும் மாற்றவில்லை. ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரமே நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் பழவங்காடிக்குப் போய் வந்தார்கள். நடைபாதைக்காரரிடம் சிவப்புப் பிளாஸ்டிக் சட்டம்தான் நிறைய இருந்தது போல. ஹாலில் திரும்பின பக்கமெல்லாம் சிவப்புக் கண்ணாடி. எங்கள் கட்டு ஒழிகிற வேகத்தைப் பார்த்து மெஷின்காரிகள் மூச்சு வாங்கினார்கள். கடைகளிலிருந்து குடை திரும்பி வருவது குறைந்தது. கஷ்டப்பட்டது சின்னப் பெண்கள் மட்டும்தான், அவர்களுக்குப் புளியோதரையும் மீன் கறியும் நின்றுபோயின. உங்களுக்கு ஏன் சேச்சி கண் தெரிந்தது என்று ஒருத்தி வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டாள்.

வேலை கூடியதும் மேனேஜர் என்ன செய்தார்? ஒருத்தி ஒரு நாளைக்குத் தைக்க வேண்டிய குடைக்கணக்கை உயர்த்தினார். வேறு கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்தபோது, இதெல்லாம் காலை மூச்சுப் பயிற்சியின் பலன் என்றார். அதோடு நிறுத்தாமல், கண்ணாடிக்காரிகள்தான் வேகமாகத் தைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, நீயும் ஏன் ஒன்று போடக்கூடாது என்று இருபது வயசுப் பெண் ஒருத்தியிடம் கேட்டார். அவள் போட்டுப் பார்த்துத் தலைவலி என்று ஒரு நாள் லீவு எடுத்தாள். வந்தவர்களை வாசலில் நிறுத்திச் சட்டம் போட்ட சான்றிதழைக் காட்டுவார், எங்கள் தொழிலாளிகள் ஒருவருக்கும் கண் குறை கிடையாது என்று. அப்புறம் உள்ளே அழைத்து வந்து சிவப்புக் கண்ணாடி வரிசையைக் காட்டுவார். இரண்டையும் பார்த்துவிட்டு இதுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பாறசாலை அக்காவைத் திரும்ப எடுக்கச் சொல்லி நான் அவரிடம் போனேன். கோபித்துக்கொள்ளவில்லை. வரச் சொல்லுங்கள் சேச்சி, சீசன் வரட்டும், பாக்கிங்கில் பார்க்கலாம் என்றார்.

இதைக் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் இன்னொரு சிவப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு கோயில் சந்திப்புக்குப் போனேன், இந்தத் தடவை அவள் இருக்கிற பக்கமாகவே. தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் ஒரு கம்பில் கறுப்புக் குடை கட்டியிருந்தது, கம்பெனி கொடுத்த குடைதான். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"வா பிள்ளே. அண்ணைக்கு முந்தானையப் போட்டு மூடிக்கிட்டு ரோட்டுக்கு அந்தால போனேல்லா, பாத்தேன்."

எனக்குத் தூரம் தெரிந்தால் அவளுக்குத் தெரியாதா? நான் கண்ணாடியை நீட்டினேன். மாட்டிக்கொண்டு முதலில் தன் விரல்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்து நல்லா நரைச்சிட்டே என்றாள், அப்புறம் மேலே குடையைப் பார்த்தாள். ஒரு நுனியில் துணி கம்பியை விட்டுப்போய், தேங்காய் நாரால் கட்டி வைத்திருந்தாள். மற்ற நுனிகளையும் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். எங்கள் ஹாலில் ஒருத்தி போடுகிற முடிச்சு இன்னொருத்திக்கு வராது. யார் தைத்தது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம், கண் மட்டும் தெரிந்தால்.

"இது உன் முடிச்சுல்லா," என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? பையிலிருந்து ஊசியும் கறுப்பு நூலும் எடுத்து, கொடுங்கள் நான் தைத்துத் தருகிறேன் என்றேன். அவள் ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குடையை இறக்கி மடியில் போட்டு, ஒரே தடவையில் நூலைக் கோர்த்து, நாரை அறுத்துவிட்டுத் தைத்தாள். விட்டுப்போன நுனியோடு நிறுத்தவில்லை. நான் போட்டிருந்த முடிச்சு எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துத் தன் முடிச்சைப் போட்டுக்கொண்டே போனாள். பாக்கிங் ரூம், சீசன் என்று மேனேஜர் சொன்னதை நான் மென்று விழுங்கிச் சொன்னேன். தேங்காய் கேட்டு வந்தவர்களுக்கு நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி நுனிக்கு வரும்போது, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில இப்போ யாரு இருக்கா?"

"நான்தான் அக்கா."

"நல்ல வெளிச்சம் விழும், பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.